பெயர் சொல்லாத ஆணை



வருகிற வாரத்தில் பிப்ரவரி 19ஆம் தேதி வருகிறது. நம்முடைய திருச்சபை நாட்காட்டியில் அந்த நாளுக்கு விசேஷம் ஏதுமில்லை. ஆனால் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் அதை நினைவுகூரும் நாளாக அனுசரிக்கிற மக்கள் உண்டு. அதைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று பல பிப்ரவரி மாதங்களில் நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது ஒரு தியானத்தை எழுதி அனுப்பிவிட்டேன். அதை எழுதத் தொடங்கினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும் என்பதே அதற்குக் காரணம்.

2017ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாள் ஆராதனைகளை முடித்துக்கொண்டு, நானும் என் மனைவியும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருக்கும் எங்கள் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தோம். ஒரு பிற்பகல் அவன் எங்களை ‘லிட்டில் டோக்கியோ’ என்ற பகுதிக்கு அழைத்துச் சென்றான். ஜப்பானிய அமெரிக்கர் தேசிய அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. 1992இல் அது தொடங்கப்பட்டபோது அதற்கு இருப்பிடமாக அமைந்தது, 1925இல் கட்டப்பட்ட ஒரு பழைய புத்த ஆலயம். அந்த ஆலயத்திற்கு ஒரு கதை உண்டு. 1942இல் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு பேருந்துக்குக் காத்து நின்றது அதன் வாசலில்தான். கொண்டுபோக முடியாத பொருள்களை ஆலயத்திற்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். காட்சிகளில் பெரும்பகுதி அப்போது எதிரேயுள்ள புதிய கட்டடத்தில் இருந்தது. ஆனாலும் அந்தப் பழைய வாசலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று மகன் சொன்னான். அவன் சொன்னது சரி.

அந்த ஆண்டு ஒரு தனிக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. 9066 என்ற எண்ணுடைய நிர்வாக ஆணை பிறப்பிக்கப்பட்டு 75 ஆண்டுகள் நிறைவடைந்திருந்தன. தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அந்த மூல ஆணையின் பக்கங்களையே இரவலாகப் பெற்று வைத்திருந்தார்கள். 1,20,000 பேரை வீட்டையும் கடையையும் வயலையும் விட்டு எழுப்பிய காகிதம் பார்வைக்கு எப்படியிருக்கும் என்று நான் ஏதேதோ கற்பனை செய்திருந்தேன். கண்ணாடிக்குள் இருந்ததோ, நம்முடைய சபை அலுவலகத்திலிருந்து போகிற சுற்றறிக்கையைப் போன்ற ஒன்று. தட்டச்சு செய்த வரிகள். அவசரமோ ஆத்திரமோ தெரியாத நடை. 1942 பிப்ரவரி 19 என்ற தேதி. குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட ஆணை.

எனக்கு ஆங்கில வாசிப்பு மெதுவாகத்தான் வரும். முதல்முறை வாசித்தபோது எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடியும் வாசித்தேன். பிறகு மகனைக் கேட்டேன்: “இதில் அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?”

“இல்லை அப்பா. அதில் அவர்கள் பெயரே இல்லை” என்றான்.

உண்மைதான். அந்த ஆணையில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. போர் வெற்றிகரமாக நடைபெற வேண்டுமானால் ஒற்றாடலுக்கும் நாசவேலைக்கும் எதிராகப் பாதுகாப்பு வேண்டும் என்று தொடங்குகிறது. போர்த்துறைச் செயலரும் அவர் நியமிக்கும் படைத்தளபதிகளும் சில பகுதிகளை இராணுவப் பகுதிகளாக அறிவிக்கலாம் என்கிறது. அந்தப் பகுதிகளிலிருந்து யாரை வேண்டுமானாலும், எல்லாரையுமேகூட, விலக்கி வைக்கலாம் என்கிறது. இரக்கமுள்ளதுபோல் தோன்றும் ஒரு பகுதியும் உண்டு: விலக்கப்படுவோருக்குப் போக்குவரத்து, உணவு, உறைவிடம் முதலியவற்றை ஏற்பாடு செய்யலாம். அவ்வளவே. ஒரு மனிதருடைய பெயரோ, ஒரு இனத்தின் பெயரோ, ஒரு ஊரின் பெயரோ இல்லை. ஆனால் அந்த ஆணையைத் தயாரித்தவர்களுக்கும், அதில் ஒப்பமிட்டவருக்கும், மறுநாள் செய்தித்தாளில் வாசித்தவர்களுக்கும் அது யாரைக் குறிக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

பிரியமானவர்களே, எஸ்தரின் புத்தகத்தை நீங்கள் பலமுறை வாசித்திருக்கிறீர்கள். மூன்றாம் அதிகாரத்தில் ஆமான் ராஜாவிடம் பேசுவதை இன்னொரு முறை பாருங்கள். தேசமெங்கும் சிதறிக் கிடக்கிற ஒரு ஜனம் உண்டு, அவர்களுடைய வழக்கங்கள் வேறு, அவர்களை விட்டுவைப்பது ராஜாவுக்கு நல்லதல்ல என்கிறான். எந்த ஜனம் என்று அவன் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்துவருகிற நான் இதை அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்கும்வரை கவனித்ததில்லை. அகாஸ்வேரு ராஜா எந்த ஜனம் என்று கேட்கவும் இல்லை. முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஆமானோடு குடிக்க உட்காருகிறான். பிற்பாடு ஏழாம் அதிகாரத்தில், என்னையும் என் ஜனத்தையும் அழிக்கத் தீர்மானித்துவிட்டார்கள் என்று எஸ்தர் அவனிடம் சொல்லும்போது, இப்படிச் செய்யத் துணிந்தவன் யார் என்று ராஜா கொதித்துக் கேட்கிறான். அவனுடைய மோதிரமே அந்தக் கட்டளையில் பதிந்திருந்தது. அவன் நடிக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பெயர் சொல்லாத ஒரு காகிதத்தில் முத்திரை போட்டவனுக்கு, அந்தக் காகிதம் தன்னுடைய மேசையில் அமர்ந்து சாப்பிடுகிறவளைக் குறிக்கிறது என்பது தெரியவே இல்லை.

அமெரிக்காவில் அந்தத் தட்டச்சுக் காகிதம் எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆணை மட்டும் போதவில்லை. கீழ்ப்படியாதவர்களைத் தண்டிக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது. ஒரு மாதத்திற்குள் நாடாளுமன்றம் அதையும் நிறைவேற்றித் தந்தது. மார்ச் 21ஆம் தேதி பொதுச் சட்டம் 503 கையொப்பமானது: இராணுவப் பகுதிகளைக் குறித்த உத்தரவை மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. ஓஹியோ மாநிலத்தின் செனட்டர் ராபர்ட் டாஃப்ட் மட்டும் எழுந்து, இவ்வளவு ஒழுங்கற்று எழுதப்பட்ட குற்றவியல் சட்டத்தைத் தாம் கண்டதில்லை என்ற பொருளில் பேசினார். பேசியவர் எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஒருவருமே எதிர்த்து வாக்களிக்கவில்லை.

அதன் பிறகே சுவரொட்டிகள் வந்தன. மார்ச் 24ஆம் தேதி முதலாவது உத்தரவு வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஒட்டப்பட்டது. ஆறு நாள் அவகாசம். மார்ச் 30ஆம் தேதி அங்கிருந்த குடும்பங்கள் படகேறிவிட்டன. இப்படி 108 உத்தரவுகள், ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒன்று. நான் பார்த்த கண்காட்சிக்குப் பெயர் கொடுத்ததே அந்தச் சுவரொட்டிகளின் தலைப்புதான். இங்கே பெயர் வெளிப்படையாக, பெரிய எழுத்தில் வந்துவிடுகிறது: ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும். ஆனால் இதிலும் ஒரு சொல்லை மறைத்திருக்கிறார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். குடிமக்கள் என்று எழுதக் கை கூசியிருக்க வேண்டும். அந்நியர், அந்நியர் அல்லாதோர் என்று எழுதினார்கள். குடிமகனைக் குடிமகன் என்று அழையாமலிருக்கக் கண்டுபிடித்த அந்தச் சொல்லை வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

கையில் சுமக்க முடிந்ததை மட்டுமே கொண்டுபோகலாம். போர்வை, மாற்றுத் துணி, தட்டு, கிண்ணம், கரண்டி. வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமில்லை. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் எண். அந்த எண்ணை எழுதிய அட்டையைப் பெட்டியிலும் சட்டையிலும் கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் தங்கவைத்த இடங்களில் சில குதிரைப் பந்தய மைதானங்கள். சான்டா அனிடாவிலும் டான்ஃபோரனிலும் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, லாயங்களில் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். பிறகு பாலைவனத்திலும் சதுப்பு நிலத்திலும் அமைத்த பத்து முகாம்கள். வயோமிங் மாநிலத்தின் ஹார்ட் மவுன்டன் முகாமிலிருந்த ஒரு குடியிருப்பின் பகுதியை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருந்தார்கள். மெல்லிய பலகைச் சுவர். வெளிப்புறத்தில் தார்க் காகிதம் ஒட்டி மறைத்த வீடுகள் அவை. என் மனைவி ஒரு பலகை இடுக்கைக் காட்டி, “குளிர்காலத்தில் பிள்ளைகளை இதற்குள் எப்படிப் படுக்கவைத்திருப்பார்கள்?” என்று கேட்டாள். ஆணையை வாசித்தபோது எனக்குத் தோன்றாத கேள்வி அது.

அந்த முகாமுக்குப் போன பிள்ளைகளில் ஒருவன் சான் ஹோசே நகரைச் சேர்ந்த நார்மன் மினெட்டா. அவனுக்கு வயது பத்து. ரயிலேறும்போது கையில் பேஸ்பால் மட்டை வைத்திருந்தான். அது ஆயுதமாகலாம் என்று இராணுவக் காவலர் பிடுங்கிக்கொண்டார். இந்தப் பிள்ளையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயத்தில் செய்துவிட்டார்கள் என்று நாம் சொல்லலாம். பயம் உண்மைதான்; 1941 டிசம்பர் 7ஆம் தேதி பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் துறைமுகம் இருந்த ஹவாய் தீவுகளில், மக்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஜப்பானிய வம்சாவளியினர் இருந்தும், அவர்களை மொத்தமாக வெளியேற்றவில்லை. அவர்கள் இல்லாமல் அங்கே வேலை நடக்காது. தாக்கப்படாத கலிபோர்னியாவிலோ, அவர்களுடைய காய்கறித் தோட்டங்களின் மேல் பலருக்கு நெடுநாளாகக் கண் இருந்தது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் அதிகமாக யோசித்தது கொடியவர்களைப் பற்றியல்ல. ஏர்ல் வாரன் என்று ஒருவர். அன்று கலிபோர்னியாவின் தலைமை அரசு வழக்கறிஞர். வெளியேற்றத்திற்காக உரக்கப் பேசியவர். அதே வாரன்தான் பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, 1954இல் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கிவைப்பது சட்டத்திற்கு விரோதம் என்ற தீர்ப்பை எழுதினார். வீட்டிலிருந்து பிடுங்கப்பட்ட சின்னப் பிள்ளைகளை நினைக்கும்போது தம் மனச்சாட்சி குத்துகிறது என்ற கருத்தை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த நூல் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. நல்லவர்தான், பிந்திவிட்டார்.

பிந்தாதவர்களும் இருந்தார்கள். சான் டியேகோ நகர நூலகத்தில் பிள்ளைகள் பகுதியைக் கவனித்துவந்த கிளாரா பிரீட் என்ற அம்மையார், ஒரு சபைப் போதகரின் மகள். தம்மிடம் புத்தகம் வாங்கிப் படித்த ஜப்பானியப் பிள்ளைகள் ரயிலேறிய நாளில் அவர் நிலையத்திற்கே போய், தம்முடைய முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய அஞ்சலட்டைகளை அவர்கள் கையில் கொடுத்தார். எனக்கு எழுதுங்கள் என்றார். எழுதினார்கள். அவர் புத்தகங்களும் சோப்பும் துணியும் அனுப்பிக்கொண்டே இருந்தார். பத்திரிகைகளில் அவர்களுக்காகக் கட்டுரையும் எழுதினார். அந்தப் பிள்ளைகளின் கடிதங்களைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். இன்று அவை அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. ஊருக்குத் திரும்பிய பிறகு இணையத்தில் சிலவற்றை வாசித்தேன். தூசியைப் பற்றியும் வெயிலைப் பற்றியும், அடுத்து என்ன புத்தகம் அனுப்புவீர்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். அரசாங்கம் எண் கொடுத்த பிள்ளைகள், ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

சியாட்டிலில் ஜப்பானிய பாப்டிஸ்டு சபையின் போதகராக இருந்தவர் எமரி ஆண்ட்ரூஸ் என்ற வெள்ளையர். ஒரே உத்தரவில் அவருடைய சபையார் அனைவரும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போய்விட்டார்கள். வெறும் கட்டடத்திற்குப் போதகராக இருக்க அவருக்கு மனமில்லை. மனைவி பிள்ளைகளோடு முகாமுக்கு அருகிலிருந்த ஊருக்கே குடிபெயர்ந்தார். அங்கும் சியாட்டிலுக்குமாக வண்டியோட்டி, சபையார் விட்டுவந்த சாமான்களைச் சுமந்து வந்தார். ஜப்பானியருக்கு நண்பர் என்பதால் அவருக்கே உணவகத்தில் சாப்பாடு மறுத்தவர்கள் உண்டு. இவரைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. மற்றப் போதகர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன பிரசங்கித்தார்கள் என்று யோசிக்கும்போதுதான் எனக்கு வார்த்தை வருவதில்லை.

கோர்டன் ஹிராபயாஷியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவேக்கர் சபையைச் சேர்ந்த கல்லூரி மாணவர். ஊரடங்கிற்கும் வெளியேற்றத்திற்கும் கீழ்ப்படிய மாட்டேன் என்று எழுதி எடுத்துக்கொண்டு தாமே எஃப்.பி.ஐ. அலுவலகத்திற்குப் போனவர். 1943இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரிசோனாவிலிருந்த சிறை முகாமுக்கு அவரை அனுப்ப அரசாங்கத்திடம் பணமில்லையாம்; வழிப்போக்கு வண்டிகளில் கைகாட்டி ஏறி அவரே போய்ச் சேர்ந்தார். போனால், அவரைக் குறித்த தாள்களை அங்கே காணவில்லை. ஊருக்குள் போய் ஒரு திரைப்படம் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். போய்விட்டுத் திரும்பி வந்து சிறைப்பட்டார். 1987இல் அவருடைய தண்டனை செல்லாது என்று தீர்ப்பானது. அந்த முகாம் இருந்த இடத்திற்கு இப்போது அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆணை எப்போது போயிற்று என்று கேட்பீர்கள். முகாம்கள் மூடப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகியும் அது முறைப்படி நீக்கப்படாமலேயே இருந்தது. 1976 பிப்ரவரி 19ஆம் தேதிதான் குடியரசுத் தலைவர் ஃபோர்டு அதை முடிவுக்குக் கொண்டுவந்தார். அதோடு நிற்க அம்மக்கள் சம்மதிக்கவில்லை. நாடாளுமன்றம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. நூற்றுக்கணக்கானவர்கள் அதன்முன் நின்று, தங்கள் பிள்ளைகளிடம்கூட அதுவரை சொல்லாதவற்றைச் சொன்னார்கள். இனக் காழ்ப்பு, போர் வெறி, அரசியல் தலைமையின் தவறு ஆகியவையே காரணங்கள், இராணுவத் தேவை அல்ல என்று குழு அறிக்கையளித்தது. பிரதிநிதிகள் சபை 1987 செப்டம்பர் 17ஆம் தேதி பரிகார மசோதாவை நிறைவேற்றியபோது அவைத்தலைவர் இருக்கையில் அமர்ந்திருந்தவர் யார் தெரியுமா? மட்டையைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளை, நார்மன் மினெட்டா. 1988 ஆகஸ்டு 10ஆம் தேதி ரீகன் அதில் ஒப்பமிட்டார். உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும், ஒரு மன்னிப்புக் கடிதமும்.

முதல் காசோலைகள் 1990 அக்டோபர் 9ஆம் தேதி வழங்கப்பட்டன. மூத்தவர்களுக்கே முதலில். அன்று முதலாவதாகப் பெற்றவர் ஒரு போதகர்: மறைதிரு மாமோரு எட்டோ, வயது 107. சக்கர நாற்காலியில் வந்திருந்தார்கள் அந்த முதியவர்கள். நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியான டிக் தோர்ன்பர்க், அவர்கள் முன் முழங்காற்படியிட்டுக் காசோலையைக் கொடுத்தார். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் அவர்களை எண்ணிட்டு அனுப்பியது. அன்று அதன் அதிகாரி ஒருவர் முழங்காலில் நின்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சந்தித்தார்.

இனி என்னைப் பற்றி.

இந்தச் சபைக்கு நான் வந்த மூன்றாம் ஆண்டில், கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைந்துவருகிறது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. இடம் குறைந்தது உண்மை. நீண்ட நேரம் பேசி ஒரு தீர்மானம் எழுதினோம்: தோட்டத்தில் முன்னோர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிற குடும்பங்களுக்கே இனி இடம் வழங்கப்படும். நல்ல தமிழ், நானே இரண்டு சொற்களைத் திருத்தினேன். சாதி என்ற சொல் அதில் இல்லை. தெருவின் பெயர் இல்லை. ஆனால் அந்த மேசையைச் சுற்றியிருந்த எங்கள் அனைவருக்கும் தெரியும், முன்னோர் கல்லறை இங்கே இல்லாத குடும்பங்கள் எவை, அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், அவர்களுடைய பெரியவர்களை இந்தத் தோட்டம் அந்நாளில் ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று. எனக்கும் தெரியும். தலைவர் என்ற முறையில் கையொப்பமிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில், பல ஆண்டுகள் நமக்கு ஆலயமணி அடித்த பெரியவர் மரித்தார். இரவு பத்து மணிக்கு அவருடைய மகன் வந்து என் வீட்டுத் திண்ணையில் நின்றார். நான் உள்ளே போய்த் தீர்மானப் புத்தகத்தை எடுத்துவந்து, அந்த வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்துக் காட்டினேன் என்பதை இப்போது எழுதும்போதே வெட்கமாயிருக்கிறது. அவர், “சரிங்க ஐயா, விதின்னா என்ன செய்ய முடியும்” என்றார். மறுநாள் ஊராட்சிச் சுடுகாட்டின் ஓரத்தில் முள்ளை வெட்டி இடம் செய்து அடக்கம்பண்ணினோம். ஜெபம் நான்தான் செய்தேன். அந்த மகன் இன்றும் ஞாயிறுதோறும் மூன்றாம் வரிசையில் உட்காருகிறார். இதுவரை என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவரைத் தொடர்ந்து இன்னும் மூன்று குடும்பங்கள் அப்படியே அனுப்பப்பட்டன.

லாஸ் ஏஞ்சல்ஸில் மகனிடம், இதில் அவர்கள் பெயர் எங்கே என்று நான் கேட்ட நிமிடத்தில், என் கண்முன் வந்தது நம்முடைய தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கம். ரூஸ்வெல்ட்டைக் குறை கூறி ஒரு நல்ல பிரசங்கம் செய்திருக்கலாம், செய்யவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி வந்து, செய்ய வேண்டியதையும் செய்யவில்லை. சபையில் பிரிவினை வரும் என்று பயந்தேன். இப்போதும் அந்தப் பயம் போய்விடவில்லை.

சென்ற மாதம் மகன் தொலைபேசியில் பேசும்போது ஒன்று சொன்னான். அந்த முகாம்களிலெல்லாம் அடைக்கப்பட்டிருந்தவர்களின் பெயர்களைத் தேடிச் சேர்த்து ஒரே பெரிய புத்தகமாக்கியிருக்கிறார்கள், 1,25,284 பெயர்கள். 2022இல் அதை அந்த அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். உறவினர்கள் வந்து தங்கள் தாத்தாவின் பெயரையும் அத்தையின் பெயரையும் தேடிக் கண்டுபிடித்து, அதன் அடியில் சிறிய முத்திரைப் புள்ளி ஒன்றை வைப்பார்கள். ஒருவருடைய பெயரும் புள்ளியில்லாமல் விடப்படக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். உறவினர் இல்லாதவர்களுக்கு வேறு யாராவது வந்து வைப்பார்களாம்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் கமிட்டி கூடுகிறது. அந்தப் பழைய தீர்மானத்தை நீக்கும் தீர்மானம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். இடம் போதாதென்றால் பழைய கல்லறைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையைக் குறைக்கலாம், அளந்து பார்த்துவிட்டேன். நான்கு குடும்பங்களிடமும் சபை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். இந்த முறை நால்வருடைய பெயரும், அவர்கள் தகப்பனாருடைய பெயரும், அடக்கம்பண்ணப்பட்ட தேதியும் முழுமையாக அதில் உள்ளன. இந்தக் கடிதத்தில் அவற்றை நான் எழுதவில்லை. அவர்களுடைய வீட்டிற்குப் போய் முதலில் அவர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே சபையில் வாசிக்க வேண்டும். செவ்வாயும் புதனும் மாலையில் போகிறேன்.

தலைவரே தீர்மானம் முன்மொழியும் வழக்கம் நம்மிடம் இல்லை என்று செயலர் நினைவூட்டியிருக்கிறார். ஆகையால் அன்று உதவித் தலைவர் நாற்காலியில் அமருவார். நான் கீழே உறுப்பினர்களோடு உட்காருவேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய உங்களில் ஒருவர் வேண்டும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்